கூச்சம் பிறவிக்குணமா, வளர்ப்பா?

ஆவடியில் விமானப்படை நிலையமும் சி.ஆர்.பி.எஃப். முகாமும் இருப்பதால், அங்குள்ள பள்ளிகளில் வருஷ நடுவிலும் புதுப்பிள்ளைகள் வந்து சேர்வார்கள். மாற்றலாகி வந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைக் கவனியுங்கள். சின்னவள் மூன்றாம் நாளே டிபன் பாக்ஸைப் பங்குபோட ஆள் பிடித்திருப்பாள். பெரியவன் ஒரு மாதமானாலும் கடைசி பெஞ்சு ஓரத்தில்தான். “ரெண்டையும் ஒரே மாதிரிதானே வளர்த்தோம்!” என்பார் அம்மா.

அப்படி வளர்த்திருக்கவே முடியாது. சிரித்துக்கொண்டு ஓடிவரும் குழந்தையைத் தெருவே தூக்கிக் கொஞ்சும். ஒதுங்கும் குழந்தையை இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். பெற்றோரும் இதற்கு விலக்கில்லை. தனக்கு எப்படிப்பட்ட வளர்ப்பு கிடைக்கும் என்பதை, பிள்ளை கொண்டுவரும் சுபாவமும் ஓரளவு தீர்மானிக்கிறது.

அந்தச் சுபாவம் வெகு சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஜெரோம் கேகன் நான்கு மாதக் கைக்குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார். கண்முன் வண்ண பொம்மைகளை ஆட்டினார்கள். பழக்கமில்லாத குரல்களை ஒலிக்கவிட்டார்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை மூக்கருகே கொண்டுபோனார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தை முதுகை வளைத்து, காலை உதைத்துக்கொண்டு அழுதது. அவற்றில் பல, இரண்டு வயதாகும்போது புது ஆளையும் புது இடத்தையும் கண்டு மிரண்டன.

எல்லாக் குழந்தைகளும் மிரளவில்லை என்பதுதான் சுவாரஸ்யம். கேகனோடு பணியாற்றிய டோரீன் ஆர்கஸ், இந்தக் குழந்தைகளின் வீடுகளுக்கே போய்க் கவனித்தார். சிணுங்கியதும் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்ட வீடுகளில் மிரட்சி நீடித்தது. தொடக்கூடாததைத் தொட்டால் ‘வேண்டாம்’ என்று தெளிவாகச் சொல்லி, சின்னச் சின்ன ஏமாற்றங்களைக் குழந்தையே சமாளிக்க விட்ட அம்மாக்களின் பிள்ளைகளிடம் பயம் குறைந்திருந்தது. அதற்காக அவர்கள் வாயாடிகளாக மாறிவிடவில்லை. பயம் தணிந்த அமைதியான பிள்ளைகள் ஆனார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் மரபணுவின் பங்கு எத்தனை சதவீதம்? ஐம்பது ஆண்டுகளின் இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளிவந்த கணக்கு, உடல், மனம் எல்லாம் சேர்த்துச் சராசரி 49% என்றது. உங்கள் மகனின் பிடிவாதத்தில் பாதி அப்பாவழிச் சொத்து என்று இதைப் படிக்கக் கூடாது. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தைப் பற்றிய எண் இது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி வீடும் பள்ளியும் கிடைத்துவிட்டால், மிஞ்சும் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு ஏறிவிடும்! கொழும்பில் நடந்த இரட்டையர் ஆய்வு ஒன்றில், மனச்சோர்வுக்கான மரபுப் பங்கு பெண்களிடம் அதிகமாகவும் ஆண்களிடம் மிகக் குறைவாகவும் இருந்தது. ஒரே ஊர்தான், ஆனாலும் எண் மாறுகிறது.

நம் வீடுகளில் கூச்சப்பிள்ளை மாட்டிக்கொள்வது ஞாயிற்றுக்கிழமைகளில். அம்பத்தூர் ஃபிளாட்டுக்கு விருந்தாளி வந்ததும் “மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லு” என்று முன்னால் தள்ளுவோம். வாய் திறக்காவிட்டால், “இவன் அப்படியே அவங்க தாத்தா” என்று அவன் காதுபடவே தீர்ப்பெழுதுவோம். தள்ளவும் வேண்டாம், உள் அறையில் ஒளிந்துகொள்ள விடவும் வேண்டாம். பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். பிறகு பிஸ்கட் தட்டை அவன் கையில் கொடுத்து, மாமாவிடம் நீட்டச் சொல்லுங்கள்.