பச்சை லேசர்: வெளிச்சம் மங்கினால் ஆபத்தும் குறைந்துவிடுமா?

"சித்தி, கண்ணு கூசுதுன்னு சொன்னீங்கல்ல... இப்பப் பாருங்க, குறைச்சிட்டேன்!"

அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக லேசர் அலாரம் செய்துகொண்டிருந்தான். ஒரு பக்கம் லேசர், எதிர்ப்பக்கம் எல்.டி.ஆர். என்கிற ஒளி உணரி. நடுவில் யாராவது நடந்தால் பஸ்ஸர் அலறும். சிவப்பைவிடப் பச்சைதான் 'கெத்து' என்று, மலிவாகக் கிடைத்த பச்சை லேசர் பாயின்டரைப் பிரித்து மாட்டியிருந்தான். உள்ளே சர்க்யூட் போர்டில் சின்னதாக ஒரு திருகு. 'ப்ரீசெட்' என்பார்கள். அதை ஸ்க்ரூடிரைவரால் லேசாகத் திருப்பியதும் சுவரில் இருந்த பச்சைப் புள்ளி மங்கியது.

நானும் "சூப்பர்டா" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு, இதையே ஒரு கட்டுரையாக எழுதலாமே என்று படிக்க உட்கார்ந்தபோதுதான் பகீரென்றது.

காரணம், பேனா மாதிரி இருக்கும் இந்தப் பாயின்டர்களில் பலவற்றில் பச்சை ஒளி நேரடியாக உருவாவதில்லை. முதலில் ஒரு டயோடு 808 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை வெளிவிடும். கண்ணுக்கு அது கிட்டத்தட்டத் தெரியாது. அந்த ஒளி நியோடிமியம் கலந்த ஒரு கிரிஸ்டலுக்குள் போய் 1064 நானோமீட்டர் ஒளியாக மாறும். அதுவும் அகச்சிவப்புதான், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அடுத்து கே.டி.பி. என்ற இன்னொரு கிரிஸ்டல், ஒளித்துகள்களை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒன்றாக்கும். அலைநீளம் பாதியாகி, 532 நானோமீட்டர் பச்சை கிடைக்கும். இத்தனையும் ஒரு பேனா மூடிக்குள் நடக்கிறது என்பது ஆச்சர்யம்தான்!

சிக்கலும் அங்கேதான். பச்சையாக மாறாமல் மிச்சமிருக்கும் அகச்சிவப்பைத் தடுக்க முனையில் ஒரு ஃபில்டர் இருக்க வேண்டும். விலையைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது அந்தக் குட்டிக் கண்ணாடித் துண்டில்தான்.

இப்போது ப்ரீசெட்டுக்கு வருவோம். அது குறைப்பது பச்சையை அல்ல; முதல் டயோடுக்குப் போகும் கரன்ட்டை. கரன்ட் குறையும்போது பச்சை மற்றதைவிட வேகமாகச் சரியும். ஒருகட்டத்தில் பச்சை மொத்தமாக அணைந்துபோனாலும், 808 டயோடு மட்டும் சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருக்கும். ஃபில்டர் இல்லாத பாயின்டரில் அது அப்படியே வெளியே வரும். 'அணைஞ்சிடுச்சே, என்ன ஆச்சு?' என்று பையன் எட்டிப் பார்ப்பானே, அந்த நொடியை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது வெறும் பயமல்ல. அமெரிக்காவின் தேசியத் தரநிலை ஆய்வு நிறுவனமான என்.ஐ.எஸ்.டி., விலை மலிவான மூன்று பச்சைப் பாயின்டர்களை வாங்கிச் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டது. மூன்றுமே 10 மில்லிவாட் என்று விற்கப்பட்டவை. அதில் ஒன்று மங்கலாகத்தான் எரிந்தது. அளந்து பார்த்தால், கிட்டத்தட்ட 20 மில்லிவாட் அகச்சிவப்பு வந்துகொண்டிருந்தது! அமெரிக்காவில் பாயின்டருக்கு அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பே 5 மில்லிவாட்தான். 2013-ல் அதே நிறுவனம் 122 பாயின்டர்களைச் சோதித்தபோது, பச்சையில் சுமார் 90 சதவிகிதமும் சிவப்பில் சுமார் 44 சதவிகிதமும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்படவில்லை. ஆக, ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

பச்சை வெளிச்சம் கண்ணில் பட்டால் கால் நொடிக்குள் இமை தானாக மூடிக்கொள்ளும். முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அகச்சிவப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்து இமை எப்படி மூடும்? விழித்திரைக்கு வலியும் தெரியாது. மிஞ்சும் 808 ஒளி சீக்கிரமே விரிந்து பரவிவிடும் என்பதால் தூரத்தில் இருப்பவருக்கு அதனால் ஆபத்து குறைவு. ஆனால், ஸ்க்ரூடிரைவரோடு மேஜைமேல் குனிந்திருப்பவர் தூரத்திலா இருக்கிறார்?

திருகை ஏற்றுவதும் வம்புதான். டயோடின் அலைநீளம் வெப்பநிலையோடு நகரும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.3 நானோமீட்டர். கிரிஸ்டலோ 808-ஐ ஒட்டித்தான் நன்றாக உறிஞ்சும். அதனால் குளிரில் பாயின்டர் மங்கும். கொடைக்கானலில் நட்சத்திரம் காட்டக் கொண்டுபோனவர் 'பவர் பத்தலை' என்று ப்ரீசெட்டை ஏற்றினால், ஊருக்கு வந்ததும் அதே பாயின்டர் எத்தனை மில்லிவாட் அடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? பச்சைக்காக வாங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 532-ஐத் தடுக்கும் கண்ணாடி 808-ஐயும் 1064-ஐயும் தடுக்கும் என்று உறுதியில்லை. எதையெல்லாம் தடுக்கும் என்று கண்ணாடியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பச்சைதான் வேண்டும் என்பவர்களுக்கு, 520 நானோமீட்டரை நேரடியாகவே தரும் டயோடு லேசர்கள் இப்போது கிடைக்கின்றன. கிரிஸ்டல் கிடையாது, மறைந்திருக்கும் அகச்சிவப்பும் கிடையாது. அதிலும் நேராகப் பார்க்கக் கூடாது என்பது வேறு விஷயம். பள்ளி அலாரத்துக்கு அதுகூடத் தேவையில்லை. 650 நானோமீட்டர் சிவப்பு மாட்யூல், தொடரில் ஒரு ரெசிஸ்டர் போதும். அதில் வெளிச்சம் குறைந்தால் குறைந்ததுதான், ஒளிந்துகொள்ள வேறு ஒளி இல்லை.

மறுநாள் அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். நம்பவில்லை. "தெரியாத லைட்டா? சும்மா சொல்றீங்க." டி.வி. ரிமோட்டை என் போனின் செல்ஃபி கேமரா முன் நீட்டி, பட்டனை அழுத்தச் சொன்னேன். ரிமோட் முனையில், வெறும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் திரையில் ஊதா நிறத்தில் மின்னியது. பின்பக்க கேமராவில் ஒன்றுமே தெரியவில்லை. அதில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கிறது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தான். இதே சோதனையைப் பச்சை லேசரை வைத்துச் செய்யப் போனவனைத் தடுத்துவிட்டேன். கேமராவில் தெரியவில்லை என்பதற்காக லேசர் பத்திரமானது என்று ஆகிவிடாது.

கண்காட்சியில் சிவப்பு லேசர்தான் வைத்தான். முழங்காலுக்குக் கீழே, அட்டைக் குழாய்க்குள் பொருத்தி, கதிர் எதிரே உள்ள பெட்டியைத் தாண்டாதபடி. பஸ்ஸர் நன்றாகவே அலறியது. பச்சைப் பாயின்டரில் இருந்த இரண்டு பேட்டரிகளையும் அக்கா கழற்றி ரிமோட்டில் போட்டுக்கொண்டாள்.