பூச்சரமும் கோலமும் கணக்குப் பாடம்தான்!



"எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். நான் எங்கே பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தர்றது?"

குழுக் கூட்டங்களில் இந்தக் கேள்வி எங்களிடம் அடிக்கடி வருகிறது. ஒருமுறை இப்படிக் கேட்ட அக்கா மடியில் பூ வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மல்லி, ஒரு கனகாம்பரம், மறுபடி இரண்டு மல்லி, ஒரு கனகாம்பரம். கணக்கு அவர் கையிலேயே இருந்தது!

ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருவதையும், ஒரே விதமாகக் கூடிக்கொண்டே போவதையும் பள்ளிக் கணக்கில் 'அமைப்பு' என்கிறார்கள். "அடுத்தது என்ன வரும்?" என்று யோசிக்கப் பழகுவதுதான் இதன் அடிப்படை. இரண்டாம் வாய்ப்பாட்டைப் பாட்டு மாதிரி ஒப்பிக்கிற பிள்ளை நடுவில் ஒன்றை மறந்தால் நின்றுவிடும். இரண்டு இரண்டாகக் கூடுகிறது என்று கண்டுபிடித்த பிள்ளை, மறந்தாலும் தானே கூட்டிப் பார்த்துச் சொல்லிவிடும். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் சிறு பிள்ளைகளுக்குச் செயல்வழியாகத்தான் கணக்குச் சொல்லித் தருகிறது. அந்தச் செயலை நாம் வீட்டிலும் செய்யலாம்.

நாங்கள் செய்த தவறு

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். ஒரு கிராமத்தில் ஐந்து வயதுப் பையன் முன்னால் ஒரு புளியங்கொட்டை, ஒரு கூழாங்கல் வைத்து, "அடுத்து என்ன?" என்று கேட்டோம். அவன் இன்னொரு கல் வைத்தான். "தப்பு, கொட்டைதான் வரணும்" என்றோம். பையன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

அவன் அம்மாதான் சொன்னார்: "அவன் முழுசா வைக்கட்டுமே, பார்ப்போம்." கல், கொட்டை, கொட்டை, கல், கல், கொட்டை என்று அவன் வைத்துக்கொண்டே போனான். பார்த்தால் அதுவும் ஒரு ஒழுங்குதான்! இரண்டே பொருளைக் காட்டிக் கேள்வி கேட்டது எங்கள் தவறு. அதைவிடப் பெரிய தவறு, அவன் யோசனையைக் கேட்காமல் 'தப்பு' என்றது. அன்றிலிருந்து இரண்டு விஷயத்தைக் கடைப்பிடிக்கிறோம். ஒன்று, ஒரு வரிசை குறைந்தது மூன்று முறை திரும்பி வந்த பிறகுதான் கேள்வி கேட்பது. இரண்டு, பிள்ளை எதை வைத்தாலும் "எப்படிக் கண்ணு கண்டுபிடிச்சே?" என்று கேட்பது.

வீட்டில் செய்து பாருங்கள்

1. வாய்விட்டுச் சொல்லுதல்: பூ கட்டும்போது "மல்லி, மல்லி, கனகாம்பரம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பிள்ளையும் கூடவே சொல்லும். பிறகு அதையே கைதட்டலில் செய்யுங்கள்: தட்டு, தட்டு, சொடுக்கு. பொருள் மாறினாலும் ஒழுங்கு ஒன்றுதான் என்று பிள்ளைக்குப் புரியும்.

2. தொடர்தல்: நீங்கள் மூன்று முறை வைத்ததைப் பிள்ளை தொடரட்டும்.

3. விட்டதைக் கண்டுபிடித்தல்: பிள்ளை கண்ணை மூடும்போது நடுவில் ஒன்றை எடுத்துவிடுங்கள். எது காணோம்? இன்னொரு நாள் வேண்டுமென்றே ஒன்றை மாற்றி வையுங்கள். அம்மா செய்த தப்பைக் கண்டுபிடிப்பதென்றால் பிள்ளைகளுக்குக் கொள்ளை சந்தோஷம்!

4. தானே உருவாக்குதல்: இதுதான் முக்கியம். பிள்ளை ஒரு வரிசையை உண்டாக்கட்டும், நீங்கள் தொடருங்கள். வட்டம், சதுரம், முக்கோணமாக அட்டையை வெட்டிக் கொடுத்தால் வடிவங்களும் பழகும்.

எண்கள் வளர்வதைக் காட்டுங்கள்

ஆறு, ஏழு வயதில் கூடிக்கொண்டே போகும் அமைப்பைத் தொடங்கலாம். ஐந்து புள்ளி நேர்ப்புள்ளிக் கோலத்தில் வரிசை 1, 3, 5, 3, 1. நடு வரிசை வரை எத்தனை எத்தனையாகக் கூடுகிறது? இன்னும் பெரிய கோலம் போட்டால் 5-க்கு அடுத்து எத்தனை வரும்? அதே ஐந்து புள்ளியை 3 வரை இடுக்குப் புள்ளியாக வைத்தால் 3, 4, 5, 4, 3. இங்கே ஒன்று ஒன்றாகத்தான் கூடுகிறது. வாசலில் புள்ளி வைக்கும்போது பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள்.

ஈர்க்குச்சியை ஒரே அளவாக உடைத்து ஒரு சதுரம் வைத்தால் 4 குச்சி. ஒட்டினாற்போல இன்னொரு சதுரம் சேர்த்தால் 7, மூன்றாவதுக்கு 10. ஏன் நான்கு நான்காகக் கூடவில்லை? விடையை நீங்கள் சொல்ல வேண்டாம். நடுக் குச்சி இரண்டு சதுரத்துக்கும் பொது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். ஒருநாள் ஆனாலும் பரவாயில்லை.

நம் சேமிப்புப் பாஸ்புக்கையும் காட்டலாம். வாரம் 50 ரூபாய் என்றால் 50, 100, 150... பத்தாவது வாரம் எவ்வளவு? ஒரு வாரம் கட்டாமல் விட்டால் வரிசை என்னாகும்?

கவனம் தேவை

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கொட்டை, கல், பாசிமணியை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளக்கூடும். அவர்களுக்குக் கைதட்டல், கரண்டி, டம்ளர் போதும். பெரிய பிள்ளை விளையாடும்போதும் பக்கத்திலேயே இருங்கள். குன்றிமணி விஷம், அதை விளையாடக் கொடுக்கவே கூடாது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளைக்குச் சலித்துவிட்டால் நிறுத்திவிடுங்கள், அடித்து உட்கார வைக்காதீர்கள். பெண் பிள்ளைக்குக் கோலம், ஆண் பிள்ளைக்கு விளையாட்டு என்று பிரிக்கவும் வேண்டாம்.

கையெழுத்து மட்டும் தெரியும் என்று சொன்ன அக்காவுக்கு, நடு வரிசையில் பதினைந்து புள்ளி வைத்துத் தொடங்கினால் கோலம் எங்கே போய் முடியும் என்று மனசுக்குள்ளேயே தெரியும். அவருக்குக் கணக்குத் தெரியாது என்று யார் சொன்னது?

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச:

* நம் வேலைகளில் (பூ, கூடை, பாய், தையல்) எங்கெங்கே அமைப்பு வருகிறது?
* உங்கள் பிள்ளை தானே உருவாக்கிய ஒரு வரிசையைச் செய்து காட்டுங்கள். மற்றவர்கள் தொடரட்டும்!