நாள்தோறும் எடை பாருங்கள்: இதயச் செயலிழப்பும் தொலைநிலைக் கவனிப்பும்

இதயச் செயலிழப்பு என்ற பெயரைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வாறில்லை. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இறைக்கும் ஆற்றல் இதயத்திற்குக் குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். இந்நோய் உள்ளவர்கள் மருத்துவமனைக்கு வரும் நாள்கள் சில. வீட்டில் கழிக்கும் நாள்கள் பல. அந்தப் பல நாள்களிலும் உங்கள் நலனை நாங்கள் அறிந்துகொள்ளும் வழியே தொலைநிலைக் கவனிப்பு.

இதற்கு எடை பார்க்கும் கருவி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு குறிப்பேடு, ஒரு தொலைபேசி ஆகியன போதும்.

எடை ஏன் முதன்மையானது?

இதயம் தளரும்போது உடலில் உப்பும் நீரும் தங்குகின்றன. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையுள்ளது. எனவே, கால் வீங்குவதற்கும் மூச்சுத் திணறுவதற்கும் முன்னரே எடை கூடத் தொடங்கலாம். மூன்று நாள்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால், அது உண்ட உணவால் வந்த எடையன்று. பெரும்பாலும் தங்கிய நீரே. அன்றே எங்களுக்குத் தெரிவித்தால், மருந்தின் அளவை மாற்றி வீட்டிலேயே சரிசெய்ய வாய்ப்புண்டு. தாமதித்தால் உள்நோயாளியாகச் சேர நேரிடலாம்.

எவ்வாறு பார்ப்பது?

காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், உணவு உண்பதற்கு முன், ஏறத்தாழ ஒரே எடையுள்ள உடையுடன், அதே கருவியில் பாருங்கள். கருவியைச் சமமான, கெட்டியான தரையில் வையுங்கள். இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமைதியாக அமருங்கள். கையை இதயத்தின் மட்டத்தில் வையுங்கள். எண்களுடன், இரவில் தலையணையைக் கூடுதலாக வைக்க வேண்டியிருந்ததா, காலணி இறுக்கமாயிற்றா என்பதையும் குறியுங்கள்.

உண்மையான எண்ணையே எழுதுங்கள்

எடை கூடியிருந்தால் கடிந்துகொள்வார்கள் என்று அஞ்சிச் சிலர் குறைத்துச் சொல்வதுண்டு. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் உண்டதை மறைப்பதும் உண்டு. அந்த அச்சத்திற்கு எங்கள் கண்டிப்பான சொற்களும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் நேரில் கால் வீக்கத்தைத் தொட்டுப் பார்க்கும் எங்களுக்குத் தொலைபேசியில் உங்கள் சொல் ஒன்றே சான்று. தவறான எண், தவறான மருந்தளவுக்கு வழிவகுக்கும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய வலி மாத்திரையைப் பற்றியும் சொல்லுங்கள். அவற்றுள் பல உடலில் நீரைத் தங்கச் செய்பவை. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

தொலைபேசி போதாத நேரம்

அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், நுரையுடன் கூடிய சளி ஆகியவற்றுள் எது தோன்றினாலும் எங்கள் அழைப்புக்காகக் காத்திராதீர்கள். உடனே 108 ஊர்தியை அழையுங்கள். மற்ற நேரங்களிலும், தேவை எனில் மருத்துவர் உங்களை நேரில் வரச் சொல்வார். 2020 மார்ச் மாதம் இந்தியாவில் வெளியிடப்பட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளும் அம்முடிவை மருத்துவரிடமே விட்டுள்ளன.

அடுத்த முறை வரும்போது குறிப்பேட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். அதை முதலில் படித்த பின்னரே உங்கள் மருந்துச் சீட்டை எழுதுவோம்.