குளிர்நீர்ப் பம்பியும் அதன் பழுதும்

வேலை செய்யும் இயந்திரம் எதுவும் வெப்பத்தை உண்டாக்காதிருப்பதில்லை. அவ்வெப்பத்தை உடனுக்குடன் அகற்றுவதே இயந்திரத்தைக் காப்பதில் பாதி வேலையாகும். இதற்குக் காற்றைக் காட்டிலும் நீரே சிறந்தது. ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 4,200 யூல் வெப்பம் வேண்டும். காற்றுக்கோ 1,000 யூல் போதும். கனவளவால் ஒப்பிடின் வேற்றுமை இன்னும் பெரிது. ஓர் இலீற்றர் நீர் சுமக்கும் வெப்பத்தைச் சுமக்க மூவாயிரம் இலீற்றருக்கு மேற்பட்ட காற்றுத் தேவைப்படும். ஆயினும் நீர் தானே நடந்து செல்வதில்லை. அதனைத் தள்ளிச் செல்ல ஒரு பம்பி வேண்டும். பம்பி நின்றுவிடின், வெப்பத்தைச் சுமந்தகன்ற அந்நீரே வெப்பத்தைத் தேக்கி வைக்கும் குட்டையாகிவிடும்.

இவ்வுண்மையைத் திருகோணமலையார்க்கு நூலைக் கொண்டு புகட்ட வேண்டியதில்லை. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்குத் தளங்கொண்டிருந்த காலத்தில், உள்துறைமுகத்தில் நங்கூரமிட்ட நீராவிக் கப்பல்கள் கடல்நீரை உள்ளிழுத்தே தம் ஆவியை ஒடுக்கின. இன்று திருக்கடலூர்க் கரையில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகொன்று புறப்படுவதை நோக்குக. இயந்திரம் முழங்கியதும் ஓட்டுபவர் கடலைப் பார்ப்பதற்கு முன்னர்த் திரும்பி, இயந்திரத்தின் பக்கத்திலிருந்து பீறிடும் மெல்லிய நீர்த்தாரையைப் பார்ப்பார். தாரை வந்தால் படகு செல்லும்; வராவிடின் இயந்திரத்தை அணைத்துவிடுவார்.

அத்தாரையைத் தருவது இயந்திரத்தின் காலுக்குள் சுழலும் ஓர் இறப்பர்ச் சக்கரம். படகோட்டிகள் அதனை இம்பெலர் என்றே வழங்குவர். இதற்கு நல்ல தமிழ்ச் சொல் ஆக்கும் பணியைச் சொல்லாக்கக் குழுவினர்க்கு விட்டு, நாமும் அவ்வாறே வழங்குவோம். வளையுந் தன்மையுள்ள இதழ்கள் மையம் விலகிய ஒரு கூட்டினுள் சுழலும்போது, விரியுமிடத்தில் நீரை உறிஞ்சி, ஒடுங்குமிடத்தில் அதனைப் பிதுக்கித் தள்ளுகின்றன. அவ்விதழ்களுக்கு மசகாக இருப்பதும் அந்நீரேயாகும். நீரின்றிச் சுழன்றால் இறப்பர் சிறிது நேரத்திலேயே கருகிப் பிய்ந்துபோகும். ஆழமற்ற கரையில் மணலை உறிஞ்சினாலும் இதழ்கள் தேயும். மிதந்து வரும் பொலித்தீன் பையொன்று உறிஞ்சுவாயிற் படிந்தாலும் முடிவு ஒன்றே. கரையில் நிறுத்திய படகில் தாரை வராவிடின் உடனே பம்பியைப் பழித்தலும் பிழை. தாரை வெளிவரும் துளையை மணல் அடைத்திருத்தலும் உண்டு. மெல்லிய கம்பியால் துளையைக் குத்திப் பார்த்த பின்னரே இயந்திரத்தைக் கழற்றுதல் வேண்டும்.

கச்சான் வீசும் மாதங்களில் எமது கடல் அமைதியாயிருக்கும். ஆனால் அக்காற்றுக் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. அவ்வேளை இயந்திரம் நின்ற படகு கணத்துக்குக் கணம் கரையை விட்டு விலகும். கைப்பிடியளவேயான ஓர் இறப்பர்ச் சக்கரத்தில் ஒரு குடும்பத்தின் உயிரும் உணவும் தங்கியிருக்கின்றன என்பது மிகைக் கூற்றன்று.

ஓட்டுபவர் வெப்பமானியை நம்பாது தாரையை ஏன் நோக்குகின்றார்? வெப்பமானி பிந்தி வரும் தூதன். நீர் நின்ற பின்னர்ச் சிறிது நேரஞ் சென்றே அதன் முள் ஏறும். அன்றியும், வெப்பத்தை உணரும் முனையைச் சுற்றி நீரே இல்லாது போனால் அது மெய்யான நிலையைக் காட்டாமலும் இருந்துவிடும். ஓட்டம் நின்றது காரணம். வெப்பம் ஏறியது அதன் விளைவு. காரணத்தைக் கண்ணாற் காண வழியிருக்கும்போது விளைவுக்காகக் காத்திருப்பானேன்?

இனி, இதே செய்தி கணினிக்கும் பொருந்துமாற்றைக் காண்போம். கணினியை நீராற் குளிர்விப்பது புதிய வழக்கமன்று. 1960களில் ஐ.பி.எம். நிறுவனம் ஆக்கிய சிஸ்டம்/360 வரிசையின் 91ஆம் மாதிரி நீராற் குளிர்விக்கப்பட்டது. 2022இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் இயங்கத் தொடங்கிய புரொன்ரியர் என்னும் மாபெருங் கணினியும் அவ்வாறே. இந்நாளில் மாணவர் மேசைகளிலுள்ள கணினிகள் சிலவற்றிலும் இவ்வமைப்புக் காணப்படுகின்றது. சில்லின்மேல் ஒரு செப்புத் தகடு. பெரும்பாலும் அதன் மேலேயே சிறு பம்பி. அங்கிருந்து இரு குழாய்கள். குழாய்களின் மறுமுனையில் விசிறி பூட்டிய றேடியேற்றர். மோட்டார் வண்டியில் உள்ளதும் இத்தகையதே.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். சில்லு 150 வாற்று வெப்பத்தை வெளிவிடுவதாகவும், நிமிடத்துக்கு ஓர் இலீற்றர் நீர் ஓடுவதாகவுங் கொள்க. அந்நீரின் வெப்பநிலை சில்லைக் கடக்கையில் இரண்டு பாகையளவே உயரும். பம்பி நின்றதும், சில்லின் மேலும் அருகிலும் தேங்கிய 50 மில்லிலீற்றர் நீரே அவ்வெப்பம் முழுவதையும் ஏற்பதாகக் கொண்டால், ஒரே நிமிடத்தில் அது 40 பாகைக்கு மேல் ஏறிவிடும். அறையே 32 பாகையாயிருக்கும் எமது ஊரில் மிச்சம் எவ்வளவு என்பதை மாணவரே கணித்துக்கொள்க.

ஆயினும் கணினி உடனே எரிந்துவிடுவதில்லை. சில்லு 100 பாகையை அண்மிக்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேற்சென்றால் அணைந்துவிடும். இத்தற்காப்பே பழுதை மறைக்குந் திரையுமாகின்றது. கணினி மந்தமாகிவிட்டது, நச்சுநிரல் புகுந்துவிட்டது என்று எண்ணி மென்பொருள்களை அழித்தெழுதுவோர் பலர். பழுதோ சுழலாத பம்பியில் இருக்கும்.

அதனை அறிவது அரிதன்று. கணினியின் பயோஸ் திரையிற் பம்பியின் சுழற்சி எண் காட்டப்படும். நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 வரையான சுற்றுக்கள் பொதுவாகக் காணப்படும். படகின் நீர்த்தாரைக்கு நேரானது இவ்வெண். ஆனால் சுழற்சியிருந்தும் குழாய் அடைபட்டிருக்கக் கூடுமாதலின் கையாலுந் தொட்டுப் பார்த்தல் நன்று. சில்லு கொதிக்க, றேடியேற்றர் குளிர்ந்திருந்து, விசிறி குளிர்ந்த காற்றையே வீசுமாயின் நீர் ஓடவில்லை என்பது துணிவு. சலசலவென்ற ஓசை கேட்பின் உள்ளே வளி புகுந்துள்ளது. குழாயின் சுவரூடாக ஆண்டுக்காண்டு சிறிது நீர் வெளியேற, அவ்விடத்தை வளி நிரப்பும். வளி மேலே சேருமாதலின், பம்பி அச்சுற்றின் மிக உயர்ந்த இடத்தில் இருத்தலாகாது. இருந்தால் படகின் இம்பெலர்போல் வறண்டு தேயும்.

பழுதென்று கண்டால் முதலில் மின்னைத் துண்டிக்க. பம்பியின் செருகி இறுக்கமாகப் பொருந்தியுள்ளதா எனப் பார்க்க. விசிறிக்குரிய அமைப்பால் அதன் வேகம் குறைக்கப்பட்டிருப்பின் முழுவேகத்துக்கு மாற்றுக. வளியென ஐயுற்றால், பெட்டியை மெல்லச் சரித்து வளியை றேடியேற்றரின் மேற்புறத்துக்குச் செலுத்துக. இவற்றாற் சீராகாவிடின் பம்பி தேய்ந்தது என்று கொள்ள வேண்டியதே. மூடி ஒட்டப்பட்ட அமைப்புக்களில் பம்பியை மட்டும் மாற்ற இயலாது. முழுவதையும் மாற்றுதல் வேண்டும். திறந்து நிரப்பும் அமைப்பாயின் கிணற்று நீரை ஒருபோதும் ஊற்றற்க. கேத்தலின் அடியிற் படியும் வெண்சுண்ணம் செப்புத் தகட்டின் நுண்சால்களிலும் படியும். காய்ச்சி வடித்த நீரும், அரிப்பைத் தடுக்கும் மருந்துமே உரியவை. செம்பும் அலுமினியமும் ஒரே நீரிற் கூடினால் அலுமினியம் அரிக்கப்படும். கடல்நீராற் குளிரும் படகு இயந்திரங்களில் நாகத் துண்டொன்றைப் பூட்டி, அரிப்பை அதன் தலையிற் கட்டிவிடுவது இவ்வியல்பு பற்றியேயாம்.

எமது கருத்தைக் கேட்பின், எழுத்துவேலைக்கும் படிப்புக்குமுரிய கணினிக்கு நீர் வேண்டியதில்லை. உலோகத் தகடுகளும் விசிறியும் போதும். விசிறி நின்றால் கண்ணுக்குத் தெரியும். புதிய விசிறியின் விலையுஞ் சிறிது. பெருங்கணிப்பு வேலைகளுக்காக நீரமைப்பை விரும்புவோர், மாற்று இம்பெலரைப் படகிற் கொண்டு செல்லும் மீனவரைப் போன்று, காற்றாற் குளிரும் விசிறியமைப்பொன்றையும் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்க.