எழுதிக் கொடுத்ததும் எழுதிக் கொண்டதும்

ராஜபாளையமானாலும் ஸ்ரீவில்லிபுத்தூரானாலும், சார்பதிவாளர் அலுவலகம் பக்கம் ஒரு டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இந்தக் கேள்வி காதில் விழும்: "இதுல அவரு கையெழுத்தே இல்லையேண்ணே, பத்திரம் செல்லுமா?" அக்ரிமென்ட் என்றால் சம்பந்தப்பட்ட எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் அது வெறும் தாள்தான் என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். அதில் பாதிதான் சரி. எந்தப் பாதி என்று நிதானமாகப் பார்ப்போம். சில குடும்பங்களில் ஒரு தலைமுறையின் சொத்தே அந்த இடத்தில்தான் கைமாறுகிறது.

எல்லாத் தரப்பும் சேர்ந்து கையொப்பமிட்ட ஆவணத்துக்கு மேலைநாட்டுச் சட்ட அகராதிகளில் 'சின்கிராஃப்' என்று ஒரு பெயர் இருக்கிறது. வக்கீல்களே அதிகம் கேள்விப்பட்டிராத சொல். கிரேக்கத்திலிருந்து வந்தது. ரோமானியச் சட்ட ஆசிரியரான காயஸ் 2-ஆம் நூற்றாண்டிலேயே இந்த வகை எழுத்தைக் குறிப்பிடுகிறார். ரோமக் குடிகள் அல்லாத வெளியாரின் வழக்கம் இது என்கிறார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் ஒப்பந்தத்தை ஒரே தோலில் இரண்டு தடவை எழுதி, நடுவில் சில எழுத்துகளைப் பொறித்து, அந்த எழுத்துகளின் ஊடாகவே வளைத்து வெட்டி ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கனைக் கிழித்துப் பாதியை வண்டியில் செருகி, மீதியை நம் கையில் கொடுப்பார்களே, அதே ஏற்பாடுதான். தகராறு வந்தால் இரண்டு துண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்கு இந்த வெட்டு தேவையில்லை என்பதால் அதன் ஓரத்தை நேராக நறுக்கிவிடுவார்கள்.

நம் ஊர்ப் பத்திரங்களிலும் இதே இரண்டு வகை உண்டு. எது எந்த வகை என்பதைப் பத்திர எழுத்தர் வாசகத்திலேயே சொல்லிவிடுகிறார். வீட்டை விற்றால் 'எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம்'. அண்ணன் தம்பிகள் சொத்தைப் பிரித்தால் 'நாம் எல்லோரும் சேர்ந்து எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம்'. முதலாவதில் கொடுக்கிறவர் ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம். இரண்டாவதில் எல்லோரும் ஒரே வரிசையில், 'நம்மில் 1-வது இலக்கமிட்டவர், 2-வது இலக்கமிட்டவர்' என்று நிற்கிறார்கள்.

அடுத்து, ஒரு சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து எதற்காக என்று கேட்டுக்கொள்வோம். தன் உரிமையை விட்டுக்கொடுப்பவர், அதை மனமறிந்து விட்டார் என்று காட்டத்தான். அப்படியானால் விட்டுக்கொடுப்பவரின் கையெழுத்துதான் முக்கியம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இந்த வழியில்தான் போகிறது. அடமானமாக இருந்தால், அடமானம் வைப்பவர் கையெழுத்தும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் வேண்டும். தானமாக இருந்தால் கொடுப்பவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். பெறுகிறவர் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். ஆனால் அந்த ஏற்பு கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

எல்லோரும் சறுக்குகிற இடம் கிரய அக்ரிமென்ட். வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டார், வாங்குகிறவர் போடவில்லை. பிறகு விலை ஏறியதும் வீட்டுக்காரர், "நீங்க கையெழுத்தே போடலையே, இது அக்ரிமென்ட்டே இல்ல" என்கிறார். இந்த வாதத்தை ஏற்பதுபோல 1998-இல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஒரு தீர்ப்பு வெளியானது. அதனால் இப்படி நினைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்து சரியில்லை என்று சொல்லிவிட்டது. விற்பவர் மட்டும் கையெழுத்திட்டு, வாங்குபவர் அதைப் பெற்று ஏற்றுக்கொண்டால் அது செல்லத்தக்க ஒப்பந்தம்தான். வாய்மொழி ஒப்பந்தமே செல்லும்போது இது எப்படிச் செல்லாமல் போகும் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. ஆனால் ஒன்று: தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல், அசையாச் சொத்தின் கிரய அக்ரிமென்ட்டைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிப் பீரோவில் வைத்த காலம் போய்விட்டது.

"இப்போ வாங்குறவரையும் வரச்சொல்லி, போட்டோ ஒட்டி, ரேகை வைக்கிறாங்களே?" என்று நீங்கள் கேட்கலாம். 2001-இல் பதிவுச் சட்டத்தில் 32-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சொத்து கைமாறும் பத்திரத்தில் வாங்குபவர், விற்பவர் இருவரின் புகைப்படமும் விரல் ரேகையும் வேண்டும் என்கிறது அது. ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு. வாங்கியவர் கையெழுத்து இல்லாத உங்கள் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம் இதனால் செல்லாமல் போய்விடாது.

வாடகைக்குச் சட்டம் வேறு கணக்கு வைத்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடைக்காக ஒருவர் ஐந்து வருடத்துக்கு இடம் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட அந்த வாடகைப் பத்திரத்தைப் பதிய வேண்டும். பதிகிற வாடகைப் பத்திரத்தில் இடத்துக்காரர், வாடகைக்காரர் இருவருமே கையெழுத்திட வேண்டும் என்று 1929-இல் சொத்து மாற்றுச் சட்டத்தில் திருத்தம் செய்தார்கள். காரணம் எளிது. ஒருவர் அனுபவ உரிமையைக் கொடுக்கிறார். மற்றவர் மாதாமாதம் பணம் தரும் கடமையை ஏற்கிறார். இரண்டு பேரும் எதிலோ கட்டுப்படுகிறார்கள்.

ராஜபாளையத்து மில் தொழிலாளரிடம் கேட்டால் வேறொரு கூட்டுக் கையெழுத்தைச் சொல்வார்: 'பன்னெண்டு மூணு'. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவுப்படி நிர்வாகமும் சங்கமும், தொழிலாளர் துறை அதிகாரியின் சமரசத்தில், அவர் முன்னிலையில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. அதிகாரி இல்லாமல் இரண்டு தரப்பும் தாங்களே போட்டுக்கொண்டால் 18(1) ஒப்பந்தம். அது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டியது. ஆனால் 12(3) ஒப்பந்தம் அந்தச் சங்கத்தில் சேராதவரையும் கட்டியது, பின்னால் புதிதாக வேலைக்கு வந்தவரையும் கட்டியது. கையெழுத்துப் போடாதவரையும் ஓர் ஒப்பந்தம் கட்டுவதற்குச் சட்டமே தனியாக ஒரு வழி திறந்துவிட வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். உடன்பிறந்தவர்கள் எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினையில் அப்படி ஒரு வழி கிடையாது.

இப்போது பாகப்பிரிவினைக்கு வருவோம். ஒரு வீடு, ஒரு மாந்தோப்பு, கொஞ்சம் புஞ்சை. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா முன்பே போய்விட்டார். பிள்ளைகள் மூவர்: இரண்டு ஆண், ஒரு பெண். பிரிக்கும்வரை அந்தச் சொத்தின் ஒவ்வொரு செங்கல்லிலும் ஒவ்வொரு மாமரத்திலும் மூவருக்கும் உரிமை உண்டு. மூத்தவர் வீட்டை எடுத்துக்கொள்கிறார் என்றால், மற்ற இருவரும் வீட்டில் தங்கள் பங்கை விடுகிறார்கள். அவர் தோப்பிலும் புஞ்சையிலும் தன் பங்கை விடுகிறார். ஆக மூவரும் கொடுக்கிறவர்கள், மூவரும் வாங்குகிறவர்கள். அதனால்தான் இங்கே எல்லோர் கையெழுத்தும் வேண்டும். நாம் முதலில் சொன்ன அந்தப் பாதிச் சரி இங்கேதான் இருக்கிறது.

ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறாரா? அதற்கும் இடம் உண்டு. ஒரே பத்திரத்தில் பல பேர் வேறுவேறு நாட்களில் கையெழுத்திட்டால், ஒவ்வொரு கையெழுத்துக்கும் அந்தந்தத் தேதியிலிருந்து நான்கு மாதம் அவகாசம் தருகிறது பதிவுச் சட்டம். பதிவின்போது ஒருவர் "நான் எழுதிக் கொடுக்கவில்லை" என்று மறுத்தால், அவரைப் பொறுத்தவரை பதிவை மறுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொருவர் சம்மதத்தையும் சட்டம் தனித்தனியாகத்தான் எண்ணுகிறது.

நம் ஊர்களில் விடுபடுகிற கையெழுத்து பெரும்பாலும் மகளுடையது. "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு" என்பார்கள். நகை போட்டது சொத்தை விட்டுக்கொடுத்ததாகாது. தமிழ்நாடு 1989-லேயே, அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் திருமணம் ஆகாத மகள்களுக்கு, இந்துக் கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அதைத் திருமணமான மகள்களுக்கும் விரித்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக நடந்து முடிந்த பிரிவினைகளை மட்டும் சட்டம் தொடவில்லை.

ஆக, உரிமையுள்ள ஒரு சகோதரியை விட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் எழுதிக்கொண்ட பத்திரம் அவரைக் கட்டாது. அவர் பங்கு அப்படியே இருக்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று தெரியவந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடத்துக்குள் அவர் வழக்குப் போடலாம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாய்தா வாய்தாவாக வந்துபோகிற குடும்பங்களில், இப்படி ஒரு கையெழுத்துக்காகப் பிரிந்த உடன்பிறப்புகளும் இருக்கிறார்கள்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. "ஒரு கையெழுத்துப் போட வாம்மா" என்று கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். ஆனால் நீட்டுகிற தாள் பாகப்பிரிவினையா, விடுதலைப் பத்திரமா என்று முதலில் கேளுங்கள். பாகப்பிரிவினை என்றால் உங்கள் பெயருக்கு நேரே ஒரு தபசில் இருக்கும். அதில் உங்களுக்கு வரும் சொத்தின் சர்வே எண்ணும் நான்கு மாலும், அதாவது எல்லைகளும், இருக்கும். விடுதலைப் பத்திரத்தில் நீங்கள் விடுகிறவர் மட்டுமே. மனதார விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். அதை யாரும் தடுக்க முடியாது. எதை விடுகிறோம் என்று தெரிந்து விடுங்கள். படித்துக்காட்டச் சொன்னால் பத்திர எழுத்தர் படித்துக்காட்டுவார்.

வீட்டில் பாகப்பிரிவினைப் பத்திரம் இருப்பவர்கள் இந்த வாரமே அதை எடுத்து, முதல் பக்கத்துப் பெயர் வரிசையைக் குடும்பத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யாராவது விடுபட்டிருந்தால் ஒரு வக்கீலைப் பார்த்து, எல்லோரும் உயிரோடும் பேச்சுவார்த்தையோடும் இருக்கும்போதே அவரையும் சேர்த்துப் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள்.