கிழநாயும் ஆறாத புண்ணும்



கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களில் பல வீடுகளுக்கு நாய்தான் காவல். செம்பனை முள் குத்தி அதற்குப் புண் வந்தால், "நக்கியே ஆற்றிக்கொள்ளும்" என்று விட்டுவிடுகிறோம். இது தவறு. நக்க நக்கப் புதுத்தோல் உரிகிறது. வாயிலுள்ள கிருமிகள் புண்ணில் சேர்கின்றன. ஈரம் காயாத புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். வயதான நாய்க்குப் புண் ஆறுவதே தாமதம் அல்லவா?

அடிப்பதால் பயனில்லை. கொதித்து ஆறிய நீரில் சிறிது உப்பிட்டுப் புண்ணைக் கழுவுங்கள். வலியில் வளர்த்தவரையே கடிக்கும். பிள்ளைகளை இவ்வேலைக்கு விடாதீர்கள். பிறகு, சிறு பிளாஸ்டிக் வாளியின் அடியில் தலை நுழையுமளவு துளை வெட்டி, வெட்டிய விளிம்பில் துணி சுற்றி, கழுத்துப் பட்டையோடு கட்டுங்கள். வாளி மூக்கு நுனியைத் தாண்டி நிற்கட்டும். கழுத்தோரம் இரண்டு விரல் நுழையட்டும். சோறு வைக்கும்போது கழற்றிவிட்டு, அருகிலேயே இருங்கள்.

மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். நாம் விழுங்கும் வலி மாத்திரை நாய்க்கு நஞ்சாகலாம். புண்ணே இல்லாத மூட்டை ஓயாமல் நக்கினால், உள்ளே வலி இருக்கலாம். சீழ், நாற்றம், புழு கண்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

இத்தனை ஆண்டு நம் வாசலைக் காத்த நாய். அதன் புண் ஆறும்வரை நாம் காவல் இருப்போம்.