கருங்கல்லின் அயலில் செம்பு

கல்முனையில் அத்திவாரத்துக்கு வந்து இறங்கும் கல்லையெல்லாம் நாம் கருங்கல் என்றே வழங்குகிறோம். புவிச்சரிதவியலார் அத்துணை எளிதில் இணங்கார். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை, மணலுக்கும் வயலுக்கும் அடியிற் கிடப்பது விஜயன் தொகுதி என்னும் பாறைக் கூட்டம். அதன் பெரும்பகுதி ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக் குழம்பிலிருந்து கிரனைற்றாகவும் அதன் இனப் பாறைகளாகவும் உறைந்தது. பின்னர் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் பிசையப்பட்டு, வரிவரியான நைசுப் பாறையாயிற்று.

இத்தொகுதி நடுமலைநாட்டின் பாறைகளைச் சந்திக்கும் எல்லை, நம் மாவட்டத்து மகாஓயா வெந்நீரூற்றுப் பக்கமாக வடக்கே செல்கிறது. அவ்வெல்லையை ஒட்டி, மூதூருக்குத் தெற்கேயுள்ள சேருவிலவில், 1971ஆம் ஆண்டு புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தார் செம்பும் காந்த இரும்புக்கல்லும் கலந்த படிவொன்றைக் கண்டனர். செம்பு அங்கே தனித்தில்லை. இரும்போடும் கந்தகத்தோடும் கூடிக் கல்கோபைரைற்று என்னும் பொன்னிறச் சல்பைட்டாக இருக்கிறது. தூய கல்கோபைரைற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 35 பங்கு செம்பு.

இச்சல்பைட்டு எங்கிருந்து வந்தது? அயலிலுள்ள கிரனைற்றே ஈன்றது என்பது பழைய விடை. இங்கிலாந்தின் கோர்ண்வால் சுரங்கங்கள் அதற்குத் துணை நின்றன. கிரனைற்றுக் குழம்பு உறையும்போது களிக்கல், படிகக்கல், அபிரகம் ஆகியவை முதலிற் பளிங்காகின்றன. அவற்றுள் இடம்பெறாத நீரும் கந்தகமும் உலோகங்களும் எஞ்சிய நீர்மத்திற் செறிந்து, வெடிப்புகள் வழியே வெளியேறிக் குளிர்ந்து படிகின்றன. கோர்ண்வாலில் வெள்ளீயம் கிரனைற்றை அணுகியும், செம்பு அப்பாலும், ஈயம் இன்னும் தொலைவிலும் கிடைப்பது இதனாலேயே.

எனினும் சில இடங்களிற் கிரனைற்று தாயன்று, வெறும் அடுப்பே. நிலத்தடி நீர் அதன் சூட்டில் கொதித்துச் சுழன்று, சுற்றுப் பாறையிலுள்ள உலோகத்தைக் கரைத்து வருகிறது. கிரனைற்றே இல்லாமலும் சல்பைட்டு உண்டாகும். 1979இல் பசிபிக் ஆழ்கடலில், ஏறத்தாழ 350 பாகை வெப்பநீர் கரும்புகையெனப் பீறிட்டுச் சல்பைட்டுத் தூண்களை எழுப்புவதை ஆய்வாளர் கண்ணாரக் கண்டனர். அயலில் இருப்பது பெற்றதற்குச் சான்றாகுமா?

சேருவிலவிலும் இதே வழக்குத்தான். ஆதியில் அடையற் பாறைகளோடு படிந்து, அவற்றோடு உருமாறியது என்பார் ஒரு சாரார். பின்னாளில் ஆழத்திலிருந்து வந்த சூடான நீர்மங்கள் இட்டுச் சென்றது என்பார் மறு சாரார். காந்தக்கல்லோடு அபற்றைற்றும் கூடியிருப்பதால், சுவீடனின் கிருணாவை ஒத்தது என ஒப்பிட்டோரும் உளர். எனக்கு நீர்மக் கட்சியே வலிதாகத் தோன்றுகிறது. கந்தகத்தின் 32, 34 என்னும் இரு வகை அணுக்களின் விகிதம் இத்தகைய வழக்குகளில் நல்ல சாட்சி. கடல் தந்த கந்தகமும் குழம்பு தந்த கந்தகமும் அதிற் பெரும்பாலும் வேறுபடும்.

இஃது ஏட்டு வாதமன்று. படிவு அடையலாயின் படையைத் தொடர்ந்து துளையிட வேண்டும். நீர்மத்தின் வேலையாயின் பிளவைத் தொடர வேண்டும். தவறான துளை ஒவ்வொன்றும் பொதுப்பணம். அன்றியும், அகழ்ந்தெறியும் கல்லிலுள்ள சல்பைட்டு காற்றும் மழையும் பட்டாற் கந்தக அமிலமாகும். அல்லைக் குளத்து நீர் பாயும் வயல்கள் அண்மையிலேயே உள்ளன. அங்கே சுரங்கம் தோண்டுவோர், கழிவுக்கல்லைக் காற்றுப் புகாதவாறு நீரிலோ களிமண்ணிலோ மூடிவைக்கும் ஏற்பாட்டை முதல் மண்வெட்டிக்கு முன்னரே செய்தாக வேண்டும்.